செருப்பு வீரரின் சிவப்பு பூட்ஸ்

எங்கள் பள்ளத்தாக்கில் பெண்டாட்டிக்குப் பயந்தவனைச் 'செருப்பு வீரன்' என்பார்கள். வெளியில் போட்டுக்கொண்டு போகிற செருப்பு இல்லை. வீட்டுக்குள் போடுகிற கம்பளிச் செருப்பு. பெண்டாட்டியின் கம்பளிச் செருப்புக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறவன் என்று அர்த்தம். டிரோல் மலையில் பிறந்த ஆண்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வசவு கிடையாது. பனிச்சரிவில் விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டால் நாலு பேராவது அனுதாபப்படுவார்கள். இதற்கு ஒருத்தரும் அனுதாபப்பட மாட்டார்கள். சிரிக்கிறவன் வீட்டிலும் அதே செருப்புதான்.

வின்சென்ஸுக்கு இந்தப் பட்டம் கல்யாணமான வருடமே கிடைத்துவிட்டது. ரோப் கார் நிலையத்தில் ஒரு வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர் உலகத்தையெல்லாம் மலைமேல் ஏற்றி இறக்கியவர். ஆனால் பெண்டாட்டி ரோஸ்விதாவிடம் பேசி ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லை. அங்கே அவருக்கு எப்போதும் இறக்கம்தான்.

அப்படிப்பட்டவர் ஜனவரி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில், மான்கொம்பு விடுதியின் வழக்கமான மேசையில், பீர்க் குவளையை ஓங்கி வைத்துவிட்டு ஒரு சபதம் செய்தார்.

"மத்த விஷயத்துல விட்டுக்கொடுப்பேன். இதுல மாட்டேன். என் கால்! என் பூட்ஸ்!"

மேசையில் இருந்த தபால்காரர் கேட்டார்: "ரோஸ்விதாகிட்ட சொல்லிட்டியா?"

"அவ தூங்கினதும் சொல்லப்போறேன்."

விஷயம் இதுதான். அன்று காலை சாப்பாட்டு மேசையில் ரொட்டித் தட்டில், ரொட்டிக்குப் பக்கத்தில், சிவப்பாக ஏதோ ஒரு துண்டு கிடந்தது.

"இது என்ன?" என்றார் வின்சென்ஸ்.

"உன் பனிச்சறுக்கு பூட்ஸ். நிலவறையைப் பெருக்கறப்ப கையோட வந்துடுச்சு. வெண்ணெய் தடவிக்கோ, மொறுமொறுன்னு இருக்கும்."

"நீ அதை எதுக்குத் தொட்ட?"

"தொடலை. பக்கத்துல நின்னு தும்மினேன்."

"ஒரு ஓரம் உடைஞ்சா பூட்ஸே போச்சா?"

"பிளாஸ்டிக்குக்கும் வயசாகும் கிழவா. உன் பூட்ஸ் பிஸ்கட்டாப் போச்சு. சரிவுல வேகமாப் போறப்ப அது பொடிஞ்சா, ஸ்கீ கட்டை ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ. நான் எதை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வரது?"

"நாற்பது வருஷமா உடையாதது இப்பவா உடையப்போகுது?"

"பூட்ஸ் உடையல. நீதான் உடைஞ்சிருக்க. காலர் எலும்பு, மணிக்கட்டு, மறுபடியும் காலர் எலும்பு, அப்புறம் விலா."

"அதெல்லாம் பனி சரியில்லாததால."

"நாற்பது வருஷமாவா பனி சரியில்ல?"

வின்சென்ஸ் அந்தச் சிவப்புத் துண்டை எடுத்துச் சட்டைப் பையில், இதயம் இருக்கிற பக்கமாக, வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஏன் அந்த பூட்ஸ்மேல் இவ்வளவு பாசம் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. மூன்றாவது பீருக்கு மேல் அந்தக் கதை வந்துவிடும்.

அப்போது வின்சென்ஸுக்கு இருபத்து மூன்று வயது. அந்தக் குளிர்காலத்தில் ஒரு வியாபாரி லாரி நிறைய சிவப்பு பூட்ஸ் கொண்டுவந்து மலிவாக இறக்க, பள்ளத்தாக்கு முழுக்கச் சிவப்புக் காலோடு திரிந்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மலையில் பனிப்புயல். ரோப் கார் நின்றுவிட்டது. மேலே போனவர்கள் எல்லாரும் மலைக்குடிலில் மாட்டிக்கொண்டார்கள். குடிலை நடத்தியவர் ரோஸ்விதாவின் அப்பா. எல்லார் பூட்ஸையும் வாங்கி அடுப்பறைக்குப் பக்கத்தில் உலர்த்தும் அறையில் வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள். அக்கார்டியன் வாசித்தார்கள், ஆட்டம் போட்டார்கள். ரோஸ்விதா பச்சை நிற ஏப்ரனோடு, மாவு படிந்த கையோடு, சுற்றிச் சுற்றி ஆடினாள். அன்று அவளோடு அதிகம் ஆடியது கெப்ஹார்ட். ஊரிலேயே நன்றாகச் சறுக்குகிறவன், நன்றாக ஆடுகிறவன், மீசை வேறு. வின்சென்ஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் பாதியில் அக்கார்டியன்காரருக்குத் தும்மல் வந்துவிட்டது.

மறுநாள் காலை வெயில். எல்லாரும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. வின்சென்ஸ் பூட்ஸுக்குள் காலை விட்டதும் கால் இலேசாகிவிட்டது. உள்ளே மிதந்தது. விரல்கள் தனித்தனியாக ஆனந்தப்பட்டன.

"கால் தரையில பாவலைன்னு சொல்வாங்களே, அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது," என்று மேசைக்குச் சொல்வார். "நேத்து வரைக்கும் இறுக்கிப் பிடிச்ச அதே பூட்ஸ்! காதல்னா அதுதான். அது வந்துட்டா உலகத்துல எதுவுமே கடிக்காது."

அடுப்புச் சூட்டில் பூட்ஸ் கொஞ்சம் விரிந்தும் இருக்கலாம் என்று நியாயமாக ஒப்புக்கொள்வார். ஆனால் முக்கால்வாசி காதல்தான்.

அந்தக் காதலோடு வாசலிலிருந்து கிளம்பியவர் முதல் திருப்பத்திலேயே விழுந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். மலைக்குடிலில் ஒன்பது நாள் படுக்கை. ரோஸ்விதா சூப் கொடுத்தாள், கட்டு மாற்றினாள். காலில் போட்ட கட்டு அப்படியே கால்கட்டாக மாறி, ஜூன் மாதம் மாதா கோயிலில் மணியடித்தார்கள். அது முதல் ஒவ்வொரு பிப்ரவரியிலும் அதே சனிக்கிழமை இருவரும் மேலே போவார்கள். குடிலில் இரவு தங்கி, ஞாயிறு காலை சேர்ந்து சறுக்கி இறங்குவார்கள். வின்சென்ஸ் காலில் எப்போதும் அந்தச் சிவப்பு பூட்ஸ், அதற்குள் மூன்று ஜோடி காலுறை. இது நாற்பதாவது பிப்ரவரி.

"நாற்பதாவதுக்கு அந்த பூட்ஸ் இல்லாம நான் போகமாட்டேன்," என்றார் வின்சென்ஸ், சபதம் செய்த மறுநாள் காலை. தூங்கினதும் சொல்லலாம் என்று நினைத்தவர், அவளுக்கு முன்னால் அவரே தூங்கிப்போயிருந்தார்.

"சரி, ரோப் கார்ல ஏறி ரோப் கார்லயே இறங்கு. சுற்றுலா வர பாட்டிங்களோட."

வாழ்நாளெல்லாம் அந்த ரோப் காரை ஓட்டியவரைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது! வின்சென்ஸ் காபியை வைத்துவிட்டார்.

"என் காலுக்கு வேற பூட்ஸ் சேராது ரோஸ். உலகத்துலயே கிடையாது."

"போய்ப் பார்த்தியா?"

"பார்க்கணுமா? எனக்குத் தெரியாதா?"

ரோஸ்விதா அவர் வைத்த காபியைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு ரொம்பச் சாதுவாகச் சொன்னாள்: "சரி. மூணு கடை. மூணுலயும் எதுவும் சேரலைன்னா உன் சிவப்பு பூட்ஸை நானே பசை போட்டு ஒட்டித் தரேன். அப்புறம் வாயே திறக்கமாட்டேன். ஒண்ணு சேர்ந்தாலும் அதை வாங்கணும், பழசு வீட்டை விட்டுப் போகணும்."

வின்சென்ஸுக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது. கடிக்கிறதா இல்லையா என்று சொல்லவேண்டியது யார்? அவர்தானே! கால் அவருடையது. நீதிபதியும் அவரே, சாட்சியும் அவரே. நாற்பது வருடத்தில் முதல் முறையாக ரோஸ்விதா கணக்கில் கோட்டைவிட்டுவிட்டாள் என்று நினைத்தார். பாவமாகக்கூட இருந்தது.

மாதிரிக்கு என்று சிவப்பு பூட்ஸையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

முதல் கடை ரோப் கார் நிலையத்துக்கு எதிரே இருக்கிற பெரிய கடை. அங்கிருந்த பெண் அவரை ஒரு கண்ணாடிப் பலகைமேல் ஏறி நிற்கச் சொன்னாள். கீழே விளக்கு ஓடியது.

"உங்க கால் இருபத்தாறு சென்டிமீட்டர் ஐயா."

"இருபத்தெட்டு," என்றார் வின்சென்ஸ். சிவப்பு பூட்ஸின் அடியில் அப்படித்தான் போட்டிருந்தது.

"மெஷின் இருபத்தாறுன்னு காட்டுது."

"மெஷினுக்கு என்ன வயசு?"

"போன மாசம்தான் வந்துச்சு."

"என் காலுக்கு அறுபத்து மூணு. யாரை நம்புவ?"

ரோஸ்விதா எட்டி அந்த எண்ணைப் பார்த்தாள். "ம்," என்றாள்.

இருபத்தெட்டு வந்தது. வின்சென்ஸ் மூன்று ஜோடி காலுறையோடு காலை விட்டார். சுகமாக இருந்தது. ஆபத்து!

"குதிகால் ஆடுது," என்றார்.

"காலுறை நிறைய போட்டிருக்கீங்க. ஒரே ஒரு மெல்லிசு காலுறைதான் போடணும்."

"இது எங்க பரம்பரைக் காலுறை."

ஒரு அளவு சின்னது வந்தது. "விரல் இடிக்குது." இன்னொரு கம்பெனி வந்தது. "மேலே அழுத்துது." அதைவிட அகலமானது வந்தது. "முன்னால இடிக்குது, பின்னால ஆடுது."

"ரெண்டும் ஒரே நேரத்துல எப்படி ஐயா?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன். இப்படியும் ஒரு பூட்ஸ் செய்வாங்களா?"

அந்தப் பெண்ணைச் சுற்றிப் பெட்டிகள் மலைபோல் குவிந்தபோது வின்சென்ஸ் எழுந்துகொண்டார். ஒரு கடை ஒழிந்தது.

இரண்டாவது கடை பக்கத்து ஊரில். அங்கே தாடிக்காரர் ஒருவர் விற்பனைக்கு நின்றார். அவர் விடாக்கண்டர்.

"நேரா நின்னா விரல் நுனி முன்னால லேசாத் தொடணும். முழங்காலை முன்னால மடக்கினா விரல் விலகிக்கணும். அதுதான் சரியான அளவு. எங்க, மடக்குங்க."

வின்சென்ஸ் மெழுகுவர்த்திபோல் நேராக நின்றார். "மடங்காது."

"முழங்கால் வலியா?"

"கொள்கை."

"போன வாரம் அடுப்புக்கு விறகு அடுக்கச் சொன்னப்ப நல்லா மடங்குச்சே," என்றாள் ரோஸ்விதா, நாற்காலியில் இருந்தபடி.

"அது வேற முழங்கால்."

தாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். கடைசியில் அவரே, "உங்களுக்குப் பனிச்சறுக்கு அவசியமா? இங்க மீன்பிடிக்கிற சாமான்கூட வெச்சிருக்கோம்," என்றார்.

வெளியே வந்தபோது வின்சென்ஸுக்கு விசிலடிக்கத் தோன்றியது. "பார்த்தியா ரோஸ்? நான் என்ன வேணும்னா சொல்றேன்? இன்னும் ஒரு கடைதான். எங்க போகலாம்?"

"கெப்ஹார்ட் கடைக்கு," என்றாள் ரோஸ்விதா.

விசில் நின்றுவிட்டது.

கெப்ஹார்ட் அந்தப் பனிப்புயல் வாரமே இன்ஸ்ப்ருக் நகரத்துக்குக் கிளம்பிப் போனவர். சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் பூட்ஸ் கடை போட்டார். காலுக்கு ஏற்ற மாதிரி பூட்ஸைச் செதுக்கிக் கொடுப்பதில் பேர் வாங்கினார். வின்சென்ஸ் அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை. தோற்றுப்போனவன் கண்ணெதிரே போய் நின்று அவன் மனதைப் புண்படுத்துவானேன் என்கிற பெருந்தன்மை.

"அவன்கிட்ட வேண்டாம். அவன் மனசு என்ன பாடுபடும்?"

"நாற்பது வருஷம் ஆச்சு. தாங்குவார். வா."

யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான் என்று பட்டது. கெப்ஹார்டையே மண்டியிட்டுத் தன் காலைப் பிடிக்கவைத்து, 'சேரவில்லை' என்று சொல்லிவிட்டு எழுந்து வருவது! நாற்பதாவது வருடத்துக்கு இதைவிட நல்ல பரிசு வேறென்ன?

"செர்வுஸ், வின்ஸ்!" என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னார் கெப்ஹார்ட். மீசை வெளுத்திருந்தது. அடர்த்தி குறையவில்லை. "இத்தனை வருஷம் ஆச்சு நீ உள்ள வர. ரோஸ்விதா, நீ மாறவே இல்ல."

"நீயும்தான். அதே பொய்," என்றாள் ரோஸ்விதா.

கெப்ஹார்ட் குனிந்து வின்சென்ஸின் காலைப் பிடித்தார். வின்சென்ஸ் ராஜாவைப்போல் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தச் சுகம் அதிக நேரம் நீடிக்கவில்லை. கெப்ஹார்ட் முதல் காலுறையைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். மூன்றாவதையும் உருவிவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டுவிட்டார். புது பூட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச்சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். தலையாட்டினார். உள்ளுறையைத் திரும்பப் போட்டு, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

வின்சென்ஸ் வசனத்தைத் தயாராக வைத்திருந்தார். முன்னால இடிக்குது, பின்னால ஆடுது. வாயைத் திறந்தார்.

"ஆஹா..." என்று வந்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள் ரோஸ்விதா.

"இருமல்."

அவர் காலே அவர் காலை வாரிவிட்டது. என்ன செய்வார்? யாரோ இரண்டு கையாலும் பாதத்தை அணைத்துப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. எழுந்து நின்றார். முழங்கால் தானாகவே மடங்கியது. கொள்கையும் கூடவே மடங்கியது.

"இருபத்தாறு," என்றார் கெப்ஹார்ட். "கச்சிதம். இது வரைக்கும் எதைப் போட்டுக்கிட்டிருந்த?"

"இதை," என்று கடைசி மானத்தைக் காப்பாற்றப் பையிலிருந்து சிவப்பு பூட்ஸை எடுத்து நீட்டினார் வின்சென்ஸ். "இது கொடுத்த சுகம் வராது."

கெப்ஹார்ட் அதை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். உள்ளுறையை வெளியே இழுத்தார். அது நாற்பது வருடமாக வெளியே வந்ததில்லை, முனகிக்கொண்டு வந்தது. ஓட்டின் அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வின்ஸ்," என்றார். "இது எங்க வீட்டுக் குறி."

வின்சென்ஸ் எட்டிப் பார்த்தார். பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்ட ஒரு மணி, அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு. கெப்ஹார்ட் வீட்டு மாட்டின் காதில், மண்வெட்டிப் பிடியில், கொட்டகைக் கதவில் ஊரே பார்த்த குறி.

"இது என் பூட்ஸ்," என்றார் கெப்ஹார்ட். "என்னுது இருபத்தெட்டு. அன்னைக்கு மலைக்குடில்ல காலையில போட்டப்ப கால் உள்ளயே போகல. அடுப்புச் சூட்டுல சுருங்கிப்போச்சுன்னு நெனச்சேன். பொண்ணு பார்த்துக்கிட்டு நிக்கறப்ப போட முடியலைன்னு சொல்ல முடியுமா? திணிச்சுக்கிட்டு இறங்கினேன். ரெண்டு கட்டைவிரல் நகமும் போச்சு. பூட்ஸ் இப்படி ஒரு மனுஷனைக் கொல்லுமான்னுதான் இந்தத் தொழிலையே கத்துக்கப் போனேன்."

"அடுப்புச் சூட்டுல விரிஞ்சிருச்சுன்னு நான் நெனச்சேன்," என்றார் வின்சென்ஸ் மெதுவாக.

"ஒரே அடுப்பு," என்றார் கெப்ஹார்ட்.

இருவரும் கொஞ்ச நேரம் அந்த அடுப்பைப் பற்றி யோசித்தார்கள். பிறகு இரண்டு தலையும் ஒரே நேரத்தில் திரும்பின. ரோஸ்விதா கண்ணாடி முன்னால் நின்று ஒரு கம்பளித் தொப்பியைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் அடுக்கினேன்," என்றாள் திரும்பாமலே. "அறை முழுக்கச் சிவப்பு பூட்ஸ். விளக்கு வேற மங்கல். மாறியிருக்கும்."

பேச்சுப்படி புது பூட்ஸ் வீட்டுக்கு வந்தது. சிவப்பு பூட்ஸ் அதன் சொந்தக்காரரிடம் நின்றுவிட்டது. கெப்ஹார்ட் அதைக் கடைக் கண்ணாடியில் வைத்தார். வின்சென்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார். பூட்ஸ் போனது மட்டும் இல்லை. நாற்பது வருடமாகச் சொன்ன கதை போயிற்று. அன்று கால் மிதந்தது காதலால் இல்லை, கெப்ஹார்டின் கால் பெரிது என்பதால். வெள்ளிக்கிழமை மான்கொம்பு மேசைக்குப் போகவில்லை. மூன்று பீர் குடித்துவிட்டு எதைச் சொல்வது?

பிப்ரவரியில் அந்தச் சனிக்கிழமை வந்ததும் இருவரும் மேலே போனார்கள். புது பூட்ஸ் சொன்னபடி கேட்டது. ரோப் காரிலிருந்து இறங்கிக் குடில் வாசல் வரைக்கும் சறுக்கி வந்து, விழாமல் நின்றார். விழாமல் நின்றது அவருக்கே புதிதாக இருந்தது. ரோஸ்விதாவின் அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது வேறு யாரோ நடத்துகிறார்கள். ஆனால் சமையல்கட்டில் அதே மர பெஞ்ச், அதே பச்சை ஓடு பதித்த அடுப்பு. வெண்ணெயில் வறுத்துப் பிய்த்துப் போட்ட இனிப்பு அப்பமும் பிளம்ஸ் கூழும் வந்தன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வின்சென்ஸின் மூளையில் ஏதோ பளிச்சென்றது. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ரோஸ்! நீ குடிலுக்காரர் பொண்ணு. சின்ன வயசுலேர்ந்து பூட்ஸ் அடுக்கினவ. உனக்கா மாறிப்போகும்?"

ரோஸ்விதா அப்பத்தைக் குத்திக்கொண்டே இருந்தாள்.

"நீ வேணும்னுதான் மாத்தின!"

"ஆமா," என்றாள்.

வின்சென்ஸின் முகம் அடுப்பைவிடப் பிரகாசமாகிவிட்டது. போன கதை திரும்பி வந்துவிட்டது! முன்னைவிட நல்லதாக வந்திருக்கிறது! "அப்போ... அந்த ஒரு ஆட்டத்துலயே... நான் போயிடக்கூடாதுன்னு... என்னை இங்க பிடிச்சு வைக்க..."

"பிடிச்சு வைக்கத்தான். ஆளு போட முடியாத பூட்ஸைக் கொடுத்துட்டா இன்னொரு நாள் தங்கித்தானே ஆகணும்."

"ரோஸ்!" அவர் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் யோசி வின்ஸ். போட முடியாத பூட்ஸ் யாருக்குக் கிடைச்சுது?"

வின்சென்ஸ் யோசித்தார். இருபத்தாறு, இருபத்தெட்டு. பெரிய கால், சின்ன பூட்ஸ். நகம் இரண்டும் போனது யாருக்கு?

"கெப்ஹார்டுக்கா?"

"அவன்தானே நல்லா ஆடினான்," என்றாள் ரோஸ்விதா. "பெரிய பூட்ஸைப் போட்டுக்கிட்டு நீ பாட்டுக்கு ஹாயா இறங்கிப் போயிடுவன்னு நெனச்சேன். அந்த முட்டாள் கெப்ஹார்ட் நகம் போனாலும் பரவாயில்லைன்னு திணிச்சுக்கிட்டுப் போயிட்டான். நீ முதல் திருப்பத்துலயே விழுந்து வெச்ச. அப்பா உன்னைத் தூக்கிட்டு உள்ள வந்தப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. நீ அதைப் பார்த்துட்டு, 'அழாதே, வலிக்கலை'ன்ன."

வின்சென்ஸுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. மேசையில் அவர் கதையை முடிக்கிற இடமே அதுதான்.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"நீ அந்தக் கதையைச் சொல்றப்ப உன் முகத்தைப் பார்த்திருக்கியா? எனக்கே அது நெசம்னு தோணிடும். ஆனா இப்ப பூட்ஸ் பொடியாகுது. அடுத்த தடவை விழுந்தா காலர் எலும்போட நிக்காது. எனக்குப் பயமா இருந்துச்சு." அவள் எழுந்து சமையல்கட்டு ஜன்னலைத் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும். "முதல் ரெண்டு நாள் உன்னைப் பார்த்தாலே எரிச்சலா வந்துச்சு. மூணாவது நாள் இந்த பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு உருளைக்கிழங்கு உரிச்ச. எங்க அப்பா ஜோக்குக்குச் சிரிச்ச. அதுக்கு முன்னாடி அதுக்கு யாருமே சிரிச்சதில்ல. ஒன்பதாம் நாள் நீ கீழ இறங்கிப் போனதும் நான் உள்ள வந்து பார்த்தேன். சமையல்கட்டு வெறிச்சுன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

மானத்தைக் காப்பாற்ற ஏதாவது செய்தாகவேண்டும் என்று வின்சென்ஸ் குனிந்து, புது பூட்ஸின் கொக்கிகளைக் கழற்றி, காலை உருவி, கெப்ஹார்டின் கைத்திறமையையே ஒதுக்குகிற மாதிரி பூட்ஸை ஓரமாகத் தள்ளினார்.

ரோஸ்விதா வாசலோரக் கூடையில் கையை விட்டுக் கிளறி, ஒரு ஜோடி கம்பளிச் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் போட்டாள்.

"பூட்ஸ்தான் ஆள் மாறிப்போச்சு," என்றாள். "செருப்பு அப்பவும் உன் அளவு பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தேன்."

வின்சென்ஸ் காலை நுழைத்துப் பார்த்தார். முன்னால் இடிக்கவில்லை, பின்னால் ஆடவில்லை.